மனம் இருந்தது, அதிகாரம் இல்லை

“மனம் இருக்கு அம்மா, அதிகாரம் இல்லை.”

முப்பத்தைந்து வருட வங்கி உத்தியோகத்தில் நான் ஆகக் கூடுதலாகச் சொன்ன வசனம் இதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் நகை அடகு பிடிக்கிற அடைவுப் பிரிவில் இருந்தபோது சொன்னது. யாழ்ப்பாணத்தில் அடைவுப் பிரிவின் வாசல் மிதிக்காத குடும்பம் குறைவு. வெங்காயச் செய்கைக்கு முதல், மகளின் கலியாணம், மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டுகிற காசு, செத்தவீட்டுச் செலவு எல்லாமே தாலிக்கொடியாகவும் காப்பாகவும் பதக்கஞ் சங்கிலியாகவும் அந்தக் கவுண்டருக்கு வந்து சேரும். உரைகல்லில் உரசி, நிறுத்து, பவுண் கணக்குப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்போம். தவணை தவறினால் ஏலம். ஏலத்துக்கு முதல் நாள் யாராவது ஒரு அம்மா வந்து நிற்பா. “வட்டியில கொஞ்சம் குறைச்சு விடுங்கோ தம்பி. நீங்கள் மனம் வைச்சால் ஏலும்.”

மனம் இருந்தது. வட்டியில் கைவைக்கத்தான் எனக்கு உரிமை இல்லை. முகாமையாளருக்கு ஒரு எல்லை, அதற்கு மேல் பிராந்தியக் காரியாலயம், அதற்கும் மேல் கொழும்பு. நான் அந்த அம்மாவோடு சேர்ந்து அழுதாலும் கணக்கில் ஒரு சதம் குறையாது. இரக்கம் வேறு, கடனைத் தள்ளுகிற அதிகாரம் வேறு என்பதைத் தொழில் எனக்கு நன்றாகப் படிப்பித்திருந்தது. அதை என் சொந்தக் கணக்கில் போட்டுப் பார்க்க மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடம் பிடித்தது.

2003ஆம் ஆண்டு. சண்டையால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் கிளையில் ஒரு பொடியன் காசாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தான், தகுதிகாண் காலத்தில். தென்மராட்சிப் பக்கம், தகப்பன் இல்லாத பிள்ளை. காசு எண்ண நான்தான் பழக்கினேன். எந்தக் கட்டையும் இரண்டு தரம் எண்ண வேண்டும். இரண்டாம் தரம் கட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து எண்ண வேண்டும். எண்ணி முடியும்வரை ஆர் கூப்பிட்டாலும் நிமிரக் கூடாது. அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம் அவன் சாப்பிடப் போன இருபது நிமிடம் அவன் கதிரையில் நான் இருந்தேன். கையேற்று எழுதாமல் மற்றவரின் லாச்சியில் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். எல்லாரும் மீறுகிற சட்டம். அந்த நேரம் ஒரு வயதானவருக்கு அடைவுக் காசு முப்பதாயிரம் கொடுக்க இருந்தது. அப்போது ஆயிரம் ரூபாய்தான் பெரிய தாள். பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்போம். மூன்று கட்டு எடுக்க வேண்டிய இடத்தில் நாலு எடுத்துக் கொடுத்தேன். எண்ணவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரோடு ஏதோ கோயில் திருவிழாக் கதை.

பின்னேரம் கணக்கு முடிக்கும்போது பத்தாயிரம் குறைந்தது. பொடியன் வேர்த்து ஊற்ற ஊற்ற எண்ணினான். அவன் இரண்டாம் தரம் எண்ணும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நாலாவது கட்டைத் தூக்கிய கைக்கு அது நினைவிருந்தது. அடுத்த கிழமை எனக்குப் பதவி உயர்வு நேர்முகம். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெரியவரின் விலாசம் சீட்டின் அடிக்கட்டையில் இருந்தது. சைக்கிளில் போனால் கால் மணித்தியாலம். போனால் ஏன் போனேன் என்று நாளைக்குச் சொல்ல வேண்டிவரும். போகவில்லை.

காசு குறைந்தால் காசாளர்தான் போட வேண்டும். இரண்டு நாளில் பொடியன் பத்தாயிரத்தையும் கொண்டுவந்து கட்டினான். அவனை நிரந்தரமாக்குவது தள்ளிப்போனது. ஆறேழு மாதத்தில் தானாகவே விலகிப் போய்விட்டான். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நான் தென்னிந்திய திருச்சபைக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் கால்வைத்ததைப் பாட்டா ஏதோ தன் வீட்டுக் கலியாணம் மாதிரிச் சொல்லுவார். மனைவி பாசையூர், கத்தோலிக்கம். அவ தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவானவரிடம் தனியே பாவத்தைச் சொல்ல, போய்விட்டு வந்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, முகம் தெளிந்து உட்கார்ந்திருப்பா. எனக்கு அதைப் பார்க்க எரிச்சல். பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆராதனையில் பாவ அறிக்கை எல்லாரும் சேர்ந்து சொல்லுவது. அதில் பிழை இல்லை. ஆனால் நூறு பேரோடு சேர்ந்து “பாவம் செய்தோம்” என்று சொல்லும்போது ஒருவனின் பத்தாயிரம் ரூபாய் அந்தச் சத்தத்துக்குள் வசதியாக ஒளித்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒளித்தேன். பரமண்டல செபத்தில் வேதாகமத்திலுள்ள சொல் “கடன்”. “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” கடனில் சோறு தின்கிற எனக்கு அந்தச் சொல் ஒரு தரம்கூடக் குத்தவில்லை.

கிளையில் ஒரு தலைமை எழுதுநர் இருந்தார். நல்ல சைவர், திருநீறு இல்லாத நெற்றியோடு நான் அவரைக் கண்டதில்லை. “உங்கட பைபிளைத் தமிழாக்கப் பெர்சிவல் பாதிரியாருக்குக் கைகொடுத்தது எங்கட ஆறுமுக நாவலர், மறந்திடாதையுங்கோ” என்று பகிடி விடுவார். உண்மையான பகிடி என்பதால் நானும் சிரிப்பேன். ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் பகிடியை விட்டுவிட்டுக் கேட்டார்.

“செய்த வினையை அனுபவிச்சுத்தானே தீர்க்க வேணும். உங்கட ஆள் சும்மா தள்ளிவிடுவார் எண்டால் பிறகு கணக்குப் புத்தகம் என்னத்துக்கு?”

நான் மழுப்பினேன். என்னைப் பார்த்தே கேட்கிறார் என்று பயந்துபோனேன். மனுசனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் எங்கள் பேரேட்டிலேயே இருந்தது என்பதைப் பிறகுதான் கண்டேன். வங்கியில் ஒரு கடனைத் தள்ளுபடி செய்தால் அது ஆவியாகப் போவதில்லை. கடன்பட்டவரின் பக்கத்தில் வெட்டி, வங்கியின் நட்டக் கணக்கில் எழுதுவோம். யாரோ ஒருவர் தலையில் அது விழத்தான் செய்யும். சும்மா தள்ளுகிற தள்ளுபடி எந்தக் கணக்கியலிலும் இல்லை. சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது இந்த நட்டக் கணக்கால்தான்.

2022. நான் ஓய்வுபெறுகிற வருடம். பெற்றோலுக்கு ஒரு வரிசை, எரிவாயுவுக்கு ஒரு வரிசை, அடைவுப் பிரிவில் இன்னொரு வரிசை. சிறிய கிளை ஒன்றின் முகாமையாளராக இருந்தேன். ஒரு பின்னேரம் காசாளர் பிள்ளை என் அறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானம்.

“சேர், ஐம்பதாயிரம் குறையுது. பிழை என்னில. ஒருத்தருக்குக் கூடக் குடுத்திட்டன் எண்டு நினைக்கிறன். ஆரெண்டும் தெரியும்.”

அடிக்கட்டையில் இருந்த நம்பருக்கு அழைத்தோம். அந்த மனுசன் காசை வீட்டில் எண்ணிப் பார்க்கவே இல்லையாம். இருட்ட முதல் சைக்கிளில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். பெற்றோல் இல்லாத காலம், ஐந்து மைல் மிதித்து வந்திருந்தார். முழு அலுவலும் இரண்டு மணித்தியாலம். “பரவாயில்லை பிள்ளை, போய்ச் சாப்பிடு” என்று அவளுக்குச் சொன்னேன். சொன்ன வாய் கசந்தது.

அன்று இரவு மின்வெட்டு. விறாந்தையில் மெழுகுதிரியோடு இருந்தேன். அந்தப் பிள்ளைக்கு என்னைவிட நேர்மை கூட என்று மட்டும் எடுத்துக்கொண்டால் கதை அதோடு முடிந்துவிடும். எனக்குப் பிடிபட்டது வேறு. என் அறைக்கு வந்தால் தன்னை அடித்துத் துரத்த மாட்டார்கள் என்று அவள் நம்பியிருக்கிறாள். நம்பினபடியால்தான் கணக்கைத் திறந்து காட்டினாள். நான் இத்தனை வருடம் ஒவ்வொரு ஞாயிறும் மன்னிப்புக் கேட்டேன், கணக்கைத் திறக்கவில்லை. தள்ளுபடி செய்வார்கள் என்று நம்பாதவன் எப்படிப் புத்தகத்தை நீட்டுவான்? கிறிஸ்து இரக்கமுள்ளவர் என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அடைவுக் கவுண்டரில் இருந்த என்னைப் போல அவரையும் நினைத்துவிட்டேன்: மனம் இருக்கு, அதிகாரம் இல்லை.

மாற்கு இரண்டாம் அதிகாரம், கப்பர்நகூமில் வீட்டுக் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிற கதை, ஞாயிறு பாடசாலையில் படம் வரைந்து நிறம் தீட்டிய கதை. அன்றைக்கு அதில், அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இயேசு சொன்னதும் வேதபாரகர் மனதுக்குள் கேட்கிற கேள்விதான் கண்ணில் பட்டது. “தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்?” வங்கி ஆள் கேட்கிற கேள்வி. இந்தக் கடனைத் தள்ள நீர் யார், உமது எல்லை எவ்வளவு? அதற்கு இயேசு இரக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு என்கிறார். அதிகாரம். என் தொழிற்சொல் அங்கே கிடந்தது.

கொலோசெயர் நிருபத்தில் பவுல் இன்னும் கிட்ட வருகிறார். நமக்கு விரோதமாயிருந்த “கையெழுத்தைக் குலைத்து”, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று எழுதுகிறார். அந்தக் கையெழுத்து கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. மீட்ட நகையின் சீட்டில் நாங்களும் முத்திரை குத்தி அடித்து வைப்போம். மீட்பு என்றுதான் அதற்குப் பெயர். மனைவியின் கோயிலில் “மீட்பர்” என்று பாடும்போது பதினொரு வருடம் அந்த முத்திரையைக் கையில் வைத்திருந்த எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. முத்திரை விழுந்த சீட்டுக்கு மாதாமாதம் வந்து வட்டி கட்டுகிறவனைப் பார்த்தால் நாங்கள் சிரித்திருப்போம். நான் அதைப் பணிவு என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தேன். வட்டியைக் கட்டினேனே தவிர, கடன் என்னவென்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்று சத்தமாகச் சொன்னேன். தொகை, திகதி, பொடியனின் பெயர், நேர்முகம், போகாத அந்தக் கால் மணித்தியாலம். பூரிப்பு ஒன்றும் வரவில்லை. நுளம்பு கடித்தது. ஆனால் முதல் தடவையாக, கேட்டதற்குப் பிறகு கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று என் நெஞ்சைத் தடவிப் பார்க்கவில்லை. அது என் எல்லைக்குள் இருக்கிற கணக்கில்லை என்று விட்டேன். உள்ளே போய் மனைவிக்குச் சொன்னேன். அவ கனநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொடியன் இப்ப எங்க?” என்றா.

அதுதான் அடுத்தது. வரி வசூலிக்கிற சகேயுவின் கதையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவன் காசைத் திருப்பிக் கொடுத்த பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று முதலில் சொல்லுகிறார். அதற்குப் பிறகுதான் அவன் நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்கிறான். வரிசை மாறியிருந்தால் அது வெறும் அபராதம்.

வங்கிக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன், அந்தப் பொடியனின் சேவைக் கோப்பில் இருக்கிற குறிப்பைத் திருத்தச் சொல்லி. பதில் இன்னும் இல்லை. பொடியனைத் தேடுவதும் சுணங்கியது. பாதி விசாரிப்பு, பாதி என் சோம்பல். போன வருடம்தான் சாவகச்சேரியில் இருக்கிறான் என்று தெரிந்தது. போட்டோக்கொப்பிக் கடை. பத்தாயிரத்துக்கு நாலத்தனை நாற்பதாயிரம். வேண்டுமென்றே ஆயிரம் ரூபாய்த் தாளாக எடுத்து, பத்துப் பத்தாக நாலு கட்டுக் கட்டி, கடித உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, சொல்லாமல் விட்டால் பொய்.

அவனுக்குத் தலை நரைத்திருந்தது. “சேர், வாங்கோ” என்று கதிரை போட்டான். பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குக் கொப்பி எடுத்து முடித்து, மிச்சக் காசு கொடுத்து அனுப்பும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். அவன் மெஷினின் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

“அம்மான்ர ரெண்டு பவுண் சங்கிலியை வைச்சுத்தான் சேர் அந்தக் காசு கட்டினது. எங்கட பாங்கில வைச்சால் ஆக்கள் பாத்திடுவினம் எண்டு வெளிக்கடையில வைச்சவ. மீட்கேலாமல் போட்டுது.”

கொஞ்ச நேரம் பொறுத்து, “அம்மா போய் ஆறு வருசம். நான் எண்ணிப் பிழைவிட்டனான் எண்டுதான் அவ கடைசிவரைக்கும் நினைச்சவ. நானும் அப்பிடித்தான் சேர் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

2003இல் ஒரு பவுண் பத்தாயிரத்துக்கும் கீழே. இன்றைக்கு என் நாற்பதாயிரத்துக்குக் கால் பவுண்கூட வராது. கஸ்தூரியார் வீதியில் எந்த நகைக்கடையில் கேட்டாலும் அதுதான் கணக்கு. இருபது வருடம் தன் கையையே சந்தேகித்தவனுக்கு எந்த விலைப் பட்டியலில் என்ன எழுதுவது? பழைய ஆளாக இருந்திருந்தால் உறையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். கட்டித் தீர்க்க வந்தவன் என்றால் அந்த இடத்தில் நிற்க ஏலாது. என் கணக்கு வேறோர் இடத்தில் முடிந்திருந்தபடியால் நிற்க முடிந்தது. சங்கிலிக்கும் செய்வதைச் செய்கிறேன் என்றேன். அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கடமையும் அவனுக்கு இல்லை.

உறையைப் பிரித்தான். கட்டுகளை அவிழ்த்து ஒன்றாக அடுக்கி எண்ணத் தொடங்கினான். வாசலில் ஆரோ “அண்ணை, ரீலோட் இருக்கோ?” என்று கூப்பிட்டார்கள். நிமிரவில்லை. எண்ணி முடித்து, கட்டைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து இரண்டாம் தரம் எண்ணினான்.