லாவன்ஹம்: ஏழ்மை காப்பாற்றிக் கொடுத்த ஊர்

சட்பரி ரயில் நிலையத்திலிருந்து லாவன்ஹம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அதற்கு டாக்சிக்காரர் 30 பவுண்டு கறந்துவிட்டார். இன்று பஸ் கிடையாது, வேண்டுமானால் நடந்து போங்கள் என்று சொல்லாத குறை. ரூபாயில் கணக்குப் போட்டதும் வயிறு எரிந்தது. 1865இல் இந்த ஊருக்கே ரயில் வந்தது. 1961இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவுக்கான தண்டத்தை இன்றும் நம்மைப் போன்றவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சந்தைத் திடலில் இறங்கியதும் கோபம் பறந்துவிட்டது. இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில், 1,700 பேர் அளவில் வாழும் சின்னக் கிராமம் இது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்கள் மட்டும் 300க்கு மேல்! கள்ளுண்டவர்கள் தோளில் தோள் சாய்த்து நிற்பதுபோல் தெரு முழுக்கச் சாய்ந்த வீடுகள்.

ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி நின்று பார்த்தேன். ஓக் மரச் சட்டங்கள் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. இணைப்புகளில் இரும்பு ஆணி இல்லை, மர முளைகள்தான். வீடு நிற்பதற்கு இவ்வளவு மரம் தேவையே இல்லை. மரத்தை இப்படி இறைக்க எனக்கு வசதி உண்டு என்று ஊருக்குக் காட்டிக்கொள்ளவே சட்டங்களை நெருக்கி வைத்தார்கள்.

அந்தப் பணம் கம்பளித் துணியில் வந்தது. லாவன்ஹம் நீலத் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். வோட் என்ற செடியின் இலையிலிருந்து எடுத்த சாயம் அது. நம் அவுரியில் இருக்கும் அதே நீலம்தான். 1520களில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் இது 14வது இடத்தில் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வணிகர் தேவாலயக் கோபுரத்துக்கு உயிலில் பணம் எழுதிவைத்துவிட்டு 1523இல் இறந்தார். 141 அடிக் கோபுரம்! இந்தச் சின்ன ஊருக்கு!

பிறகு ஊரின் செல்வம் சரிந்தது. 1525இல் மன்னர் எட்டாம் ஹென்றி பிரான்சுப் போருக்காகக் கேட்ட வரியை எதிர்த்து, வேலையிழந்த நெசவாளிகள் இங்கே திரண்டார்கள். பின்னாளில் கோல்செஸ்டர் நகரில் குடியேறிய டச்சு நெசவாளிகளின் மெல்லிய, மலிவான துணி சந்தையைப் பிடித்துக்கொண்டது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட லாவன்ஹத்தில் பலரிடம் காசில்லை. வசதி நீடித்த ஊர்கள் தங்கள் பழைய வீடுகளைத் தொலைத்தன. இந்த அழகுக்கு முழுக் காரணம் வறுமைதான் என்று அடித்துச் சொல்வேன்.

கில்ட்ஹால் கட்டடமே இதற்குச் சாட்சி. 1530 வாக்கில் பணக்காரர்களின் சமயச் சங்கம் கட்டியது. பிறகு அது சிறை. 1787இல் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி. 1951 முதல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. பின்புறத் தோட்டத்தில் சாயச் செடிகள் வளர்க்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைமுடி நெசவு ஊருக்குக் கொஞ்சம் கஞ்சி ஊற்றியது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு சின்னக் கடையில் உருளைக்கிழங்கு சூப்பும், வெண்ணெய் உருகி வழியும் சூடான ரொட்டியும். அந்தக் குளிருக்கு அமிர்தம்! அதைவிட நல்ல சாப்பாடு இந்தப் பயணம் முழுவதும் கிடைக்கவில்லை. விலை மட்டும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கானது.

வீட்டு விற்பனை அலுவலகத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைகளைப் பார்த்தபோது மனம் கசந்தது. நெசவாளி வாழ்ந்த குடிசையை இன்று எந்தத் தொழிலாளியும் வாங்க முடியாது. வறுமை காத்துவைத்ததைச் செல்வந்தர்கள் அனுபவிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

போகிறவர்கள் பஸ் ஓடும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஸ்வான் விடுதியின் மதுக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். 1944இல் பக்கத்து விமானதளத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் பறந்த அமெரிக்க வீரர்களின் கையெழுத்துகள் சுவரில் அப்படியே இருக்கின்றன.