தளிக்காரனின் கேசட்

நம் பள்ளி மலரில் ஆசிரியர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவீர்கள். நான் ஒரு கேசட்டைப் பற்றி எழுதுகிறேன்.

2000-ல் நான் பிளஸ் ஒன். தர்மபுரி விடுதியில் என் பக்கத்துப் பெட்டிக்காரன் கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வந்தவன். வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் கன்னட நடிகர் ராஜ்குமார் பாட்டுக் கேசட் ஒன்று வைத்திருந்தான். லேபிள் எப்போதோ உரிந்துபோனது. நாடா தளர்ந்தால் பல்சக்கரத்தில் பென்சிலைச் சொருகிச் சுற்றுவான். எருமை மேல் உட்கார்ந்து பாடும் ‘யாரே கூகாடலி’ எங்கள் அறைக்கே மனப்பாடம். அதற்கு முன்னால் அவருக்குப் பெரும்பாலும் பி.பி. ஸ்ரீனிவாஸ்தான் பாடினாராம், 1974-ல் வந்த அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் சொந்தக் குரல். ‘அண்ணாவரு’ என்றுதான் சொல்வான், பேர் சொல்ல மாட்டான்.

ஜூலை 30, ஞாயிறு இரவு. தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர் வீட்டிலிருந்து ராஜ்குமாரை வீரப்பன் காட்டுக்குக் கொண்டுபோனான். அவருக்கு வயது 71. பெங்களூரில் கடையடைப்பு. தளிக்காரன் இரண்டு வேளை மெஸ் பக்கமே வரவில்லை.

நாங்களோ வீரப்பன் மாதிரி கரியால் மீசை வரைந்துகொண்டு திரிந்த ஜாதி. தந்தம், சந்தனம், காடு என்று எங்களுக்கு எல்லாமே கதை. 1993-ல் வீரப்பன் வைத்த பாலாற்றுக் கண்ணிவெடியில் 22 பேர் செத்ததை யாரும் அந்தக் கதையில் சேர்க்கவில்லை. சரித்திர சார்தான் ஒருநாள் கரும்பலகையில் 22 என்று மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்தார். அவரேதான் இதையும் சொன்னார்: “1954-ல வேடன் கண்ணப்பனா நடிச்சுத்தான்டா ராஜ்குமார் பேர் வாங்கினாரு. இப்ப நிஜ வேடன் கையில மாட்டிக்கிட்டாரு.” தளிக்காரன் சிரிக்கவில்லை.

வீரப்பன் தன் கோரிக்கைகளைக் கேசட்டில் பேசி அனுப்பினான். காவிரி, பெங்களூர் வள்ளுவர் சிலை என்று பட்டியல். (அந்தச் சிலை 2009-ல்தான் திறந்தது.) அந்தச் சமயத்தில் பெட்டி சோதனைக்கு வந்த வார்டன் கையில் லேபிள் இல்லாத நம் கேசட் சிக்கியது.

“யார்கிட்ட இருந்துடா வந்துச்சு இது?”

“பாட்டு சார்.”

“பாடிக் காட்டு.”

பாடினான். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. வார்டன் எதுவும் பேசாமல் கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

108 நாள். நவம்பர் 15-ம் தேதி ராஜ்குமார் விடுதலை என்று டிவியில் சொன்ன ராத்திரி, வார்டனே பீரோவைத் திறந்து ஆபீஸ் டேப்ரிக்கார்டரில் போட்டார். இரண்டாவது சரணத்தில் மெஷின் நாடாவைத் தின்றுவிட்டது. ஒட்டுவதற்காக வாங்கிவைத்தது நான்.

2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸில் வைத்து வீரப்பனைச் சுட்டார்கள். பாப்பாரப்பட்டி என்றால் சுப்பிரமணிய சிவா கண்ணை மூடிய ஊர் என்றுதான் சார் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுநாளிலிருந்து ஊருக்கு வேறு அடையாளம். தர்மபுரி பெரியாஸ்பத்திரிக் கூட்டத்தில் முண்டியடித்தும் நான் உள்ளே போக முடியவில்லை. அந்த மீசையைப் பேப்பரில்தான் பார்த்தேன், கத்தரித்துச் சின்னதாக. தளிக்காரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “கேசட்டை ஒட்டினியாடா?” என்றான்.

ஒட்டிவிட்டேன். இங்கே ஷார்ஜாவில் என் அலமாரியில்தான் இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் மெஷின் இல்லை. மலரைப் பார்த்துவிட்டு அவன் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.