குலசை தசரா: தட்டேந்தி ஆடும் தெருக்களில்

குலசை தசரா, அதாவது குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா என்றால் தொலைக்காட்சியில் காட்டுவது பத்தாம் நாள் ராத்திரியைத்தான். கடற்கரை கொள்ளாத ஜனம், நடுவே சிம்ம வாகனத்தில் அம்மன், எதிரே மகிஷாசூரன். அதைக் காண லட்சக்கணக்கில் வருகிறார்கள். மைசூருக்கு அடுத்த பெரிய தசரா என்ற பேரும் அதனால்தான் நிலைத்தது. ஆனால் அந்த ராத்திரிக்கு முந்தைய நாட்களில் சுற்றுப்பட்டி ஊர்த் தெருக்களில் நடப்பதுதான் தசராவின் உயிர் என்பேன். 2024 நவராத்திரியில் உடன்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தசராக் குழுவோடு தெருத்தெருவாக நடக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் பிறந்த ஊர் அது. "கோயிலுக்கு மட்டும் வந்துட்டுப் போகாதீங்கக்கா, எங்க ஊர்ல தங்குங்க, அப்பதான் தெரியும்" என்று வருஷாவருஷம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கிறது குலசேகரன்பட்டினம். பாண்டியன் பேரைச் சுமக்கும் பழைய துறைமுகம். இப்போது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர் என்று செய்தியில் அடிபடுகிறது. அந்த மண்ணின் ஜனத்துக்கோ அது முத்தாரம்மன் ஊர். கருவறையில் அம்மையும் அப்பனும் ஒரே பீடத்தில் சேர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். அவள் முத்தாரம்மன், அவர் ஞானமூர்த்தீஸ்வரர். அம்மை கண்ட உடம்பில் முத்தை ஆற்றித் தணிக்கிறவள் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிக் கும்பிடுகிறார்கள். நோய் தீர்ந்தவர்களும் பிள்ளை வரம் கேட்டவர்களும் கடனில் மூழ்கி எழுந்தவர்களும் அவளுக்கு நேர்ந்துகொள்வது ஒன்றுதான்: வேடம் போடுகிறேன் தாயே, வீடுவீடாகப் பிச்சையெடுத்து உன் உண்டியலில் சேர்க்கிறேன்.

இந்த நேர்த்திக்கடனைப் போல ஒன்றை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கடலில் முழுகி மாலை போட்டு, 41 நாள், 31 நாள், 21 நாள் என்று அவரவர் சக்திக்கு ஏற்ப விரதம் இருக்கிறார்கள். ஊரில் ஓலைக் குடில் போட்டு, அம்மன் படம் வைத்து, காலையும் மாலையும் பூஜை. செவ்வாடை, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. கொடியேறியதும் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். 2024-இல் கொடியேற்றம் அக்டோபர் 3, சம்ஹாரம் 12. காப்புக் கட்டிய பிறகுதான் வேடம். ராஜா, ராணி, குறவன், குறத்தி, எமன், அனுமன், கரடி, குரங்கு, போலீஸ்காரர், பைத்தியக்காரர் என்று எந்த வேடமும் போடலாம். காளி வேடத்துக்கு மட்டும் கட்டுப்பாடு அதிகம். விரதம் குறையக் கூடாது, வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது.

நான் தங்கிய ஊரில் காளி வேடம் போட்டவர் கட்டட வேலைக்குக் கம்பி கட்டுகிறவர். முப்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். மத்தியானம் குடிலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பெரியவர் ஒருவர் முகத்துக்கு நீலம் பூச ஆரம்பித்தார். முதலில் நெற்றி, பிறகு கன்னம், கடைசியில் கண்ணைச் சுற்றி விரலால் மெதுவாக இழுத்துவிட்டார். மேலே சிவப்பும் வெள்ளையும் கோடு. அதன்பின் சடைமுடி. அதைத் தலையில் வைத்து, நழுவாமல் இருக்கத் தாடைக்கு அடியிலும் பின்கழுத்திலும் கயிற்றால் இறுக்கினார்கள். கிரீடம் ஏறியது. முதுகில் காளியின் பொய்க் கைகளைக் கட்டினார்கள். ஒவ்வொரு கையிலும் ஆயுதம், எல்லாம் அட்டையும் தகரமும்தான். இரும்பு ஆயுதங்களைக் காவல்துறை அனுமதிப்பதில்லை. கயிறு தோளை அறுக்காமலிருக்கத் துண்டை நாலாக மடித்து உள்ளே வைத்தார்கள். இரண்டு மணி நேரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியாக நாக்கை வாயில் கவ்வி, கையில் சூலம் வாங்கி எழுந்து நின்றார். சுற்றி நின்ற பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்: "ஓம் காளி! ஜெய் காளி!"

அடுத்து நடந்ததைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவரைப் பெற்ற தாய் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினாள். தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்து, "தாயே, எம்பிள்ளைகளக் காப்பாத்துமா" என்றாள். மகனிடம் பேசவில்லை அவள். அம்மனிடம் பேசினாள். அவரும் மகனாக நிற்கவில்லை. குனிந்து அவள் நெற்றியில் திருநீறு பூசினார். அதிலிருந்து வேடம் கலைக்கும் வரை ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அம்மா, இங்க வாங்க", "அம்மாவுக்குத் தண்ணி குடுங்கல" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தி சாயும் நேரம் மேளம் கிளம்பியது. தெருமுனையில் தென்னை ஓலையைக் கொளுத்தித் தப்பு எனும் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேறச் சூடேறச் சத்தம் மாறுவதை அருகில் நின்று கேட்க வேண்டும். மந்தமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக விறைத்து, விரலால் தட்டினாலே கணீரென்று வந்தது. ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, இன்னொரு கையில் குட்டையான கனத்த குச்சி. இரண்டும் சேர்ந்து விழுந்த முதல் அடியிலேயே திண்ணையில் இருந்த கிழவிகள் எழுந்துவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து நையாண்டி மேளமும் வந்திருந்தது: நாதஸ்வரம், தவில், பம்பை. தப்பு ஓய்ந்தால் தவில் பிடித்துக்கொள்ளும், தவில் ஓய்ந்தால் தப்பு. இரண்டும் சேர்ந்து முழங்கியபோது என் காலும் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது.

முன்னால் கரகாட்டம். பூவும் உச்சியில் கிளியும் வைத்த பித்தளைக் குடத்தைத் தலையில் ஏற்றி, கையால் தொடாமல் ஆடினார் ஒரு அக்கா. குனிந்து தரையில் கிடந்த ரூபாய் நோட்டைக் கண்ணிமையால் எடுத்தார், கரகம் அசையவில்லை. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க நின்றவரிடம் எத்தனை வருஷமாக ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். "பாவாட கட்டுன காலத்துலருந்து. வருசம் பூரா எங்கெங்கயோ ஆடுதேன். ஆனா குலசைக்கு ஆடும்போது பாரம் தெரியாதும்மா" என்றார். சொல்லும்போது கண்கள் பளபளத்தன. தொழிலாக ஆடுகிறவர்தான், கூலி பேசித்தான் வருகிறார். அவர் பக்தியை அந்தக் கூலி ஒரு குன்றிமணிகூடக் குறைத்துவிடவில்லை.

வேடக்காரர்கள் வாசல் வாசலாக நின்றார்கள். ராஜா கிரீடத்தோடு தட்டை நீட்டினார். எமன் பாசக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டை நீட்டினார். குறத்தி வேடம் போட்ட பையன் பாசிமணி குலுங்க ஆடி, குறி சொல்லிச் சிரிக்க வைத்து, தட்டை நீட்டினான். அந்தக் குழுவில் சொந்த லாரி வைத்திருப்பவர் ஒருவர் இருந்தார், அரசு வேலையில் இருப்பவர் ஒருவர் இருந்தார். பரட்டைத் தலையும் கந்தல் சாக்குமாகப் பைத்தியக்காரர் வேடத்தில் நின்ற லாரிக்காரரிடம் ஒரு சின்னப் பெண் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டாள். அதைக் கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "வருசம் முழுக்க நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கிற கை மக்கா இது. ஒரு பத்து நாளாவது ஏந்தி நிக்கட்டும்." எத்தனையோ தலங்களுக்குப் போயிருக்கிறேன். அகங்காரத்தை விடு என்று உபதேசம் கேட்டிருக்கிறேன். உபதேசம் எதுவும் இல்லாமல், தட்டை ஏந்த வைத்தே முத்தாரம்மன் அதைச் செய்துவிடுகிறாள். சேர்ந்த காசையும் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அது உண்டியலுக்கு.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். சொம்பில் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவினார்கள். பிள்ளைகளைக் காளி மடியில் வைத்து வாங்கினார்கள். பரீட்சை, கல்யாணம், வெளிநாட்டு விசா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காதில் சொன்னார்கள். ஒரு வீட்டில் மகனை இழந்த தாய். எதுவும் கேட்கவில்லை, காளியின் சூலத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேளம் நின்றது. அவள் அழுது முடிக்கும் வரை மொத்தத் தெருவும் காத்திருந்தது. பிறகு அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிங்கய்யா, அம்மா போகட்டும்" என்றாள். மறுபடி முழங்கியது தப்பு.

பெண்கள் குலவையிட்டுக் கும்மி கட்டியபோது என் கையைப் பிடித்து ஒரு மதினி வட்டத்துக்குள் இழுத்துவிட்டார். முன்னே ஒரு அடி, குனிந்து ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு அடி, நிமிர்ந்து ஒரு தட்டு. யார் எந்த வீடு, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அடுத்து ஆடிய ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வட்டம் வேகமெடுத்தபோதும் அவர் விட்டுப்போகவில்லை. வியர்த்து ஓய்ந்து உட்கார்ந்ததும் கையில் சுக்குக் காபி வந்தது, உடன்குடிக் கருப்பட்டி போட்டது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி. அந்த மணத்துக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை என்பது குடித்தவர்களுக்குத் தெரியும்.

மனசில் பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில குழுக்கள் சினிமாப் பாட்டும் மேடை நடனமும் கொண்டுவந்து பணத்தைக் கொட்டுகின்றன. ஆபாச ஆட்டம் கூடாது என்று உயர் நீதிமன்றம் தலையிட வேண்டிய அளவுக்கு அது போனது. தப்பும் கரகமும் கும்மியும் இருக்கும் ஊருக்கு அந்த ஒலிபெருக்கி எதற்கு? நான் தங்கிய ஊரில் பெரியவர்கள் அதில் உறுதியாக இருந்தார்கள். மேளக்காரர்களுக்கு முதல் பந்தியில் இலை போட்டதையும் கண்டேன், மனம் குளிர்ந்தது.

இடையில் ஒரு ராத்திரி கோயிலுக்குப் போனோம். அன்று கமல வாகனத்தில் கஜலட்சுமி கோலம். முந்தைய நாட்களில் அவள் துர்க்கையாக வந்திருக்கிறாள், பார்வதியாக, பாலசுப்பிரமணியராக, நவநீத கிருஷ்ணராக, ஆனந்த நடராஜராக வந்திருக்கிறாள். அம்மனே ராத்திரிக்கொரு கோலம் பூண்டு வீதிக்கு வருகிறாள். எதிரே அவள் பிள்ளைகள் ஆளுக்கொரு வேடத்தில் ஆடிக்கொண்டு நிற்கிறார்கள். தீபாராதனை வெளிச்சத்தில் எமனும் கரடியும் குறத்தியும் கைகூப்பி நின்றதைப் பார்த்தபோது எனக்கு எந்த வேண்டுதலும் நினைவுக்கு வரவில்லை. கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

பத்தாம் நாள் எல்லாக் குழுக்களும் குலசையை நோக்கித் திரும்பின. வேன், லாரி, டிராக்டர், நடை. கூட்டத்தில் எங்கள் காளியைத் தொலைத்துவிடாமலிருக்கச் சுற்றிலும் பையன்கள் கைகோத்து நடந்தார்கள். பிரித்த காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து உண்டியலில் செலுத்தினார்கள். நள்ளிரவு, கடற்கரையில் சிதம்பரேஸ்வரர் கோயில் முன்பு சிம்ம வாகனத்தில் வந்து நின்றாள் அம்மன். மகிஷன் சிங்கத் தலையோடு வந்தான், எருமைத் தலையோடு வந்தான். ஒவ்வொரு முறையும் சூலம் பாய்ந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்த "ஜெய் காளி" முழக்கத்தில் கடல் சத்தம் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் காளி பக்கத்தில்தான் நின்றார். நீலத்தில் வியர்வை கோடுகோடாக வழிந்திருந்தது, தோளில் கயிறு பதிந்திருந்தது. கண்ணை மட்டும் அம்மனை விட்டு எடுக்கவில்லை.

மறுநாள் காப்புக் கழற்றினார்கள். குடிலைப் பிரித்து ஓலையை ஒதுக்கிவைத்துவிட்டு, பெரியவர்கள் நோட்டை விரித்துக் கணக்குப் பார்த்தார்கள். பொடிசுகள் அதற்குள் அடுத்த வருஷத்துக்கு யாருக்கு எந்த வேடம் என்று சண்டையை ஆரம்பித்துவிட்டன. காளி வேடம் போட்டவர், முகத்தில் நீலம் முழுக்கப் போகாமல், திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தவால?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். கும்மியில் என்னோடு ஆடிய ஆச்சி வந்து என் கையைப் பிடித்தார். "வார வருசம் நீயும் ஒரு வேசம் போடும்மா. குறத்தி போடு. பாசிமணி நான் கோத்துத் தாரேன்."

சரி என்று சொல்லியிருக்கிறேன். ஆவணியில் போய்க் கடலில் முழுகி மாலை போட வேண்டும். 41 நாளும் இருக்க அம்மன் பலம் தர வேண்டும்.