மார்பில் ஒற்றைக் கோடு

பூச்சியியல் ஆய்வகத்தில் என் வேலை பெரும்பாலும் கொசுக்களை இனம் பிரிப்பதுதான். பொறியில் விழுந்தவற்றைக் குளிரில் வைத்துக் கொன்று, தட்டில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கரிய மார்பின் நடுவே நெடுக ஒரே வெள்ளைக் கோடு இருந்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ். இருபுறமும் வளைந்த வெள்ளை வரிகள் யாழ் வடிவில் இருந்தால் ஏடிஸ் எஜிப்தி. பொறியின் விசிறியில் அடிபட்டு, அந்தக் கோடுகளை உண்டாக்கும் செதில்கள் உதிர்ந்துவிட்டால் அன்றைக்குத் தலைவலிதான். லார்வா என்றால் அந்தப் பாடு இல்லை. வயிற்றின் எட்டாம் வளையத்தில் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். எஜிப்திக்கு ஒவ்வொரு முள்ளிலும் பக்கவாட்டுக் கிளைகள் உண்டு, அல்போபிக்டஸுக்குக் கிடையாது.

புதிய வைரஸ் எதாவது செய்தியில் அடிபட்டால் "இங்கேயும் வருமா?" என்று கேட்பார்கள். வருவதில் என்ன சிரமம்? காய்ச்சல் வந்த ஒருவர் விமானம் ஏறினால் போதும். வந்த பிறகு அதை உறிஞ்சி, தன் உமிழ்நீர்ச் சுரப்பி வரை வளரவிட்டு, இன்னொரு மனிதரைத் தேடிக் கடிக்கிற கொசு அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2005-06இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சிக்குன்குனியா வந்தது. எஜிப்தி அங்கே அரிது, திரும்பிய பக்கமெல்லாம் அல்போபிக்டஸ்தான். வைரஸின் உறைப் புரதத்தில் 226ஆம் இடத்திலிருந்த அலனின் என்ற அமினோ அமிலம் வேலினாக மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் அல்போபிக்டஸின் குடலில் தொற்றுவது வைரஸுக்குப் பல மடங்கு எளிதானது. 2007இல் இந்தியாவிலிருந்து சென்ற பயணி ஒருவர் வழியாக இத்தாலியின் வடகிழக்கிலுள்ள சிறிய ஊர்களில் அதே நோய் பரவியதும் அல்போபிக்டஸால்தான்.

இத்தாலிக்கு ஆசியக் கொசுவான அல்போபிக்டஸ் எப்படிப் போனது? பழைய டயரில். டயரின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகள் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. கப்பலில் போய் இறங்கி ஒரு மழை பெய்ததும் பொரிந்துவிடும். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் 1990இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அது காலூன்றியது. அதன் குளிர்நாட்டு வகையின் முட்டைகள் பனிக்காலத்தை உறக்கத்தில் கடத்திவிடும், எஜிப்திக்கு அது வராது. விமான நிலையத்தில் பயணிகளின் நெற்றியில் வெப்பமானியை நீட்டுவதைவிட, துறைமுகத்தில் டயர்களை நனையாமல் வைப்பது பலன் தரும் என்பது என் கட்சி. ஆனால் அதைப் படம் பிடிக்க யாரும் வரமாட்டார்கள்!

மேற்கு நைல் வைரஸின் வழி வேறு. 1999இல் நியூயார்க்கில் அது தலைகாட்டியபோது புதுக் கொசு எதுவும் தேவைப்படவில்லை. அங்கேயே இருந்த கியூலெக்ஸ் கொசு பறவைகளைக் கடிக்கும், இடையில் மனிதரையும். காகங்கள் செத்து விழுந்தன. மனித ரத்தத்தில் இந்த வைரஸ் போதிய அளவு பெருகாததால் நம்மைக் கடித்த கொசு அதைச் சுமந்து செல்வதில்லை. ஆனாலும் பறவைகளும் கியூலெக்ஸும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதைக் கண்டத்தின் மறுகரைக்கே கொண்டுபோய்விட்டன. அனாஃபிலிஸ் கொசு பரப்புவது மலேரியாவை மட்டும்தான் என்பதும் சரியல்ல. சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவான ஓன்யோங்-ன்யோங் வைரஸை ஆப்பிரிக்காவில் பரப்புவது அதுதான்.

2013இல் கரீபியன் தீவுகளுக்கு வந்த சிக்குன்குனியாவில் அந்த 226ஆம் இட மாற்றம் இல்லை. எஜிப்தி அங்கே ஏராளம், அதனால் தேவையும் இருக்கவில்லை. வைரஸின் மரபணு வரிசையை மட்டும் அனுப்பி "ஆபத்து எவ்வளவு?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் பகுதியில் எந்தக் கொசு, எந்த மாதங்களில்?