முதல் கயாக்: மாஹேபூர் பட்டறை நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

கயாக் என்பது உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் ஒல்லியான சிறு படகு. அதைக் கையால் கட்ட வரைபடம் தேடும்போது, புதிதாகத் துடுப்பு பிடிப்பவர் கண் முதலில் போவது 17 அடி நீளம், 53 செ.மீ. அகலம் கொண்ட ஒல்லிப் படகின் மேல்தான். பார்க்க அழகு, ஏறி உட்கார்ந்தால் இடுப்பு நிலைகொள்ளாது. முதல் படகுக்கு 15 முதல் 16 அடி, 58 முதல் 60 செ.மீ. அகலம் போதும். 65ஐத் தாண்டினால் கவிழாதுதான், எதிர்காற்றில் நகரவும் நகராது.

மொரீஷியஸில் காற்றைத்தான் முதலில் கணக்கில் எடுக்கவேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வலுவாக இருக்கும். தென்கிழக்குக் கரையிலுள்ள மாஹேபூரில் அது கரைப்பக்கம் தள்ளுவதால் களைத்தாலும் ஒதுங்கிவிடலாம். மேற்கே தமரின் பக்கம் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும்; காற்றோ கடலை நோக்கி வீசும். பவளத்திட்டின் வாயைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் ரீயூனியன் தீவுதான், 150 கிலோமீட்டருக்கும் மேலே. ஆகவே ஸ்கெக் (காற்றில் படகு திரும்பாமல் பிடிக்கும் அடித்தகடு) இல்லாத வரைபடம் வேண்டாம்.

மே 7, புதன்

ஸ்கெக் என்பது பின்பக்க அடியில் ஏற்றி இறக்கும் தகடு. படகு முன்னே போகும்போது மூக்கைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, வால் தளர்ந்திருக்கிறது. பக்கக் காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றுப் பக்கம் திரும்பிவிடும். தகட்டை இறக்கினால் வாலுக்கும் பிடிப்பு வரும். அதன் பெட்டியை மேல்தளம் ஒட்டுவதற்கு முன்பே பொருத்தவேண்டும்.

மே 11, ஞாயிறு

மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிக் கட்டும் படகு அழகுதான், ஆனால் நூற்றுக்கணக்கான மணி நேர வேலை; முதல் படகாகத் தொடங்கியவை பாதியில் நிற்கும். சட்டத்தின்மேல் துணி போர்த்தியது எடை குறைவு, நம் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் கடலில், பவளம் உரசினால் துணி தாங்குமா என்பதே கவலை. எஞ்சுவது ப்ளைவுட்டைக் கம்பியால் தைத்து எபாக்சியால் (ஹார்ட்னர் கலந்தால் இறுகும் பிசின்) ஒட்டும் முறை. அதையே கட்டுகிறோம்.

மே 17, சனி

4 மி.மீ. ஒக்குமே மர ப்ளைவுட், படகுக்கான ப்ளைவுட்டின் பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரையுடன். முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்க்கவேண்டும். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடைப்பக்கமே போகவேண்டாம்.

ப்ளைவுட் பலகை 2.44 மீட்டர்தான். இரண்டின் முனைகளையும் 1:8 சரிவாக, அதாவது 32 மி.மீ. இழைத்து ஒட்டினால் 4.85 மீட்டர் வரும். பலகை வளைவதால் படகு சற்றுக் குட்டையாகும்: 15½ அடி. நமக்குத் தேவையும் அதுதான்.

மே 25, ஞாயிறு

விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளித் துளைகள், நடுவில் 10 முதல் 12 செ.மீ. இடைவெளி, முனைகளில் 5 செ.மீ. செம்புக்கம்பி விளிம்பைக் கிழிக்குமளவு முறுக்கவேண்டாம், பலகை தொட்டால் போதும்.

முன்னும் பின்னும் குறுக்கே ஒவ்வொரு நேர்கட்டை வைத்து, வாலிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லாவிட்டால் உடல் முறுகியிருக்கிறது. அந்தப் படகு ஆயுள் முழுக்க ஒரு பக்கமே இழுக்கும். கம்பியைத் தளர்த்தித் திருத்த இன்றுதான் நேரம். ஒட்டியபின் எந்த மந்திரமும் பலிக்காது.

ஜூன் 1, ஞாயிறு

பாலியெஸ்டர் பிசினில் பழகிய கை, சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கும் திரவத்தைக் கூடுதலாக ஊற்றும். எபாக்சியில் அது நடக்காது: டப்பாவில் பிசினுக்கு ஹார்ட்னர் 2:1 என்றிருந்தால் 2:1தான். மிஞ்சிய ஹார்ட்னர் வினைபுரியாமல் தங்கி, பூச்சு பிசுபிசுப்பாகவே இருக்கும். கலந்ததை அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். ஆழமான டம்ளரில் விட்டால் தானே சூடேறிப் புகையும்.

பலகைகள் சேரும் உள் மூலைக்கு எபாக்சியில் மரத்தூளும் சிலிக்காப் பொடியும் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் சரியாத பதம். மேற்பூச்சு மாலையில்தான்: காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் விடும். மறுநாள் மேலே மெழுகு போல் வழுக்கினால் முதலில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவவேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைபடும், அடுத்த பூச்சும் ஒட்டாது.

ஜூன் 8, ஞாயிறு

அடிமுதுகில் கண்ணாடியிழைப் பட்டை இன்னொரு அடுக்கு. பவளம் முதலில் தொடுவது அங்கேதான். வெயில் எபாக்சியைத் தின்னும் என்பதால் யூவி தடுப்புள்ள வார்னிஷ் நான்கு பூச்சு. அடுத்த வாரம் முன்னும் பின்னும் காற்றறைத் தடுப்புகளில் தண்ணீர் ஊற்றிக் கசிவு சோதனை.