குரங்குக் காய்ச்சலும் காந்தத் துகள்களும்

நீலகிரியின் கூடலூர் வட்டாரத்தில் டிசம்பரிலிருந்து மே வரை ஒருவர் கடும் காய்ச்சலோடு வந்தால், அண்மையில் காட்டுக்குள் விறகுக்கோ தேனுக்கோ போனாரா, அந்தப் பக்கம் குரங்கு எதுவும் செத்துக் கிடந்ததா என்று கேட்பது எங்கள் பரிசோதனைக்கூடத்தில் வழக்கமாகிவிட்டது. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் என்ற வைரஸ் நோய், 2012-இன் இறுதியில் பந்திப்பூரில் தலைகாட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் வயநாட்டிலும் பலரைத் தாக்கியது. பந்திப்பூர், முதுமலை, வயநாடு மூன்றும் தொடர்ச்சியான ஒரே காடு. அதன் ஓரத்தில்தான் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் ஆகிய பழங்குடியினரின் ஊர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளும் இருக்கின்றன.

உண்ணி கடித்துப் பரவும் இந்தக் காய்ச்சலைத் தொடக்கத்தில் டெங்குவிலிருந்தோ எலிக்காய்ச்சலிலிருந்தோ பிரித்தறிவது கடினம். மூன்றிலும் திடீர்க் காய்ச்சல், தலைவலி, தாங்க முடியாத உடல்வலி. எலிக்காய்ச்சல் என்றால் உடனே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். குரங்குக் காய்ச்சல் என்றால் அதற்கென்று தனி மருந்து இல்லை; ஆனால் இரத்தக்கசிவைக் கண்காணிக்க வேண்டும், ஆஸ்பிரின் வகை வலிமாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், அவரோடு காட்டுக்குப் போனவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். எலிசா என்ற தட்டுச் சோதனையில் தேடப்படும், தொற்றை எதிர்த்து உடல் முதலில் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள், காய்ச்சல் தொடங்கிச் சில நாள்கள் கழித்தே இரத்தத்தில் தென்படும். அதற்கு முன்பு வைரஸையே தேட வேண்டும் என்பதால், அதன் மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையை நாட வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை கருவிக்குள் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மாதிரியைப் பனிக்கட்டியோடு மூன்றடுக்காகப் பொதிந்து, மலைப்பாதையில் இறக்கி, இத்தகைய வைரஸைக் கையாளத் தகுந்த உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் சேர்த்து, முடிவு திரும்பி வருவதற்குள், வைரஸ் இரத்தத்தில் நிறைந்திருக்கும் அந்த முதல் நாள்கள் கடந்துபோகின்றன.

வைரஸைப் பிடிக்கும் காந்த நானோ துகள்களையும், வேதிவினையை மின்னோட்டமாக அளக்கும் மின்வேதியியல் உணரியையும் இணைக்கும் சோதனை முறையைப் பற்றி நான் இவ்வளவு ஆர்வமாகப் படித்துவருவதற்கு இதுவே காரணம். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் உணரியின் நுட்பத்தையே வியக்கிறார்கள். என் பார்வையில் முக்கால் பங்கு வேலையைச் செய்வது காந்தம்தான்.

கொரோனாக் காலத்தில் ஆர்.என்.ஏ. பிரிக்கும் பணியில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சிலிக்கா பூசிய இரும்பு ஆக்சைடு மணிகள் கலந்த குழாய் முதலில் கலங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். அதைக் காந்தத் தாங்கியில் நிறுத்தினால் ஓரிரு நிமிடங்களில் பழுப்பு முழுவதும் காந்தம் இருக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு கோடாகப் படிந்து, நீர்மம் தெளிந்துவிடும். அந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கழுவுநீர் ஊற்றி, காந்தத்தை விலக்கி ஒரு குலுக்குக் குலுக்கினால் மணிகள் மறுபடியும் தனித்தனியாகக் கலந்துவிடும். சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் தேவையில்லை, வடிகட்டியும் தேவையில்லை. மழைக்காலத்தில் மணிக்கணக்காக மின்சாரம் போய்விடும் ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சமவெளியில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காந்தத்தை எடுத்ததும் மணிகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரிவதற்குக் காரணம் உண்டு. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிகத்தை இருபது முப்பது நானோமீட்டருக்குக் கீழே சிறிதாக்கினால், வெளியே காந்தப்புலம் இருக்கும்வரை வலுவாக ஈர்க்கப்படும். புலம் நீங்கினால் தன் காந்தத்தன்மையை இழந்துவிடும். தனித்தனியாக விட்டால் அவ்வளவு சிறிய துகளைச் சாதாரணக் காந்தத்தால் இழுத்துச் சேர்ப்பது கடினம் என்பதால், பல படிகங்களைப் பாலிமர் அல்லது சிலிக்காவுக்குள் அடைத்துச் சற்றுப் பெரிய மணியாக்குகிறார்கள். அதன் மேற்பரப்பில், தேடும் வைரஸின் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பிணைக்கிறார்கள். விரைவு இங்கேதான் பிறக்கிறது. எலிசா தட்டில் எதிர்ப்பொருள் குழியின் சுவரில் இருக்கிறது. வைரஸ் புரதம் தானாக அலைந்து அங்கே போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். மணிகளோ மாதிரி முழுவதும் பரவி, புரதம் இருக்கும் இடத்துக்கே சென்று அதைப் பிடிக்கின்றன. பிறகு ஒரு மில்லிலிட்டரில் சிதறியிருந்ததைக் காந்தம் ஒரு சிறு துளிக்குள் சேர்த்துத் தருகிறது.

அதற்குப் பின் வருவது மின்வேதியியல். நொதி ஒன்றைச் சுமந்த இரண்டாவது எதிர்ப்பொருள், பிடிபட்ட புரதத்தின் மறுபக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அந்த நொதி குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ். அச்சிட்ட கார்பன் மின்முனையின் அடியில் ஒரு சிறு காந்தத்தை வைத்தால் மணிகள் அதன்மேல் வந்து படியும். ஹைட்ரஜன் பெராக்சைடும் டி.எம்.பி. என்ற சேர்மமும் கொண்ட கரைசலை ஊற்றியதும் நொதி டி.எம்.பி.யை மாற்ற, மாறிய பொருள் மின்முனையில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. ஒரே நொதி மூலக்கூறு ஏராளமான மூலக்கூறுகளை மாற்றுவதால், மரபுப்பொருளைப் பெருக்காமலேயே சமிக்ஞை பெருகுகிறது. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆய்வாளர்கள் லேலண்ட் கிளார்க்கும் லயன்ஸும் 1962-இல் முன்வைத்த நொதி மின்முனையே அதன் மூதாதை.

நோயாளியின் இரத்தத்தில் சோப்புத்தன்மையுள்ள கரைசலைச் சேர்த்து வைரஸின் உறையை முதலிலேயே உடைத்துவிட்டு, அதன் புரதத்தை மட்டும் தேட முடியும் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் குரங்குக் காய்ச்சல் வைரஸ் ஆய்வகப் பணியாளர்களையும் தொற்றியிருக்கிறது. தேடுவதற்கு ஏற்ற புரதமும் இருக்கிறது: டெங்குவுக்கு நாங்கள் அன்றாடம் பார்க்கும் என்.எஸ்.1 புரதத்தைப் போன்ற ஒன்று, அதே குடும்பத்தைச் சேர்ந்த இந்த வைரஸிலும் உண்டு.

ஆனால் அந்த உறவே சிக்கலுக்கும் வழி. ஒரே குடும்பத்து வைரஸ்களின் புரதங்கள் ஒத்திருப்பதால், எதிர்ப்பொருளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் டெங்கு நோயாளியின் மாதிரி குரங்குக் காய்ச்சலாகக் காட்டிவிடும். இரத்தத்தில் நிறைந்திருக்கும் ஆல்புமின் போன்ற புரதங்கள் மணியிலும் மின்முனையிலும் ஒட்டிக்கொண்டு அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் கழுவும் படியைச் சுருக்கவும் முடியாது. தூய உப்புக் கரைசலில் வைரஸைக் கலந்து பெற்ற அளவீட்டை மட்டும் காட்டி, சில நிமிடங்களில் முடிவு என்று அறிவிக்கும் ஆய்வுகளை நான் அரைகுறை வேலையாகவே கருதுகிறேன். குறைந்த அளவு வைரஸைக் காண்பதில், பெருக்கிப் பார்க்கும் ஆர்.டி.பி.சி.ஆர். இன்றும் முன்னால் நிற்கிறது. ஆகவே இந்தச் சோதனை "இல்லை" என்று சொன்னால், அறிகுறி உள்ளவரின் மாதிரியை மேற்கொண்டு அனுப்பத்தான் வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி குளிரைப் பற்றியது. நொதியின் வேகமும், கரைசலில் மூலக்கூறுகள் நகரும் வேகமும் வெப்பநிலை குறையும்போது குறைகின்றன. குளுக்கோமீட்டர்கள் பலவும் 10 முதல் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று உறையிலேயே அச்சிட்டிருப்பது அதனால்தான். ஜனவரி விடியலில் உறைபனி விழும் உதகைப் பக்கத்தில், சூடுபடுத்தப்படாத அறையில் எடுத்த அளவீடு, அதே மாதிரிக்குச் சென்னையில் எடுத்ததைவிடக் குறைவாக இருக்கும். உண்மையான நோயாளி கண்டறியப்படாமலே போய்விடுவார். கருவிக்குள் வெப்ப உணரியும் அதற்கேற்ற திருத்தமும், மின்முனை அச்சிட்ட ஒவ்வொரு சோதனைப் பட்டையிலும் ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த ஒரு கட்டுப்பாட்டு மின்முனையும் இல்லாமல் இதை எங்கள் கையில் கொடுக்கக் கூடாது. சோதனைக் களமும் இங்கேயே அமைய வேண்டும். டிசம்பர் முதல் மே வரையிலான பருவத்தில், முழு இரத்தத்தில், டெங்கு உறுதிசெய்யப்பட்டவர்களின் மாதிரிகளையும் சேர்த்து, அதே மாதிரிகளின் ஆர்.டி.பி.சி.ஆர். முடிவோடு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கருவியை நம்பி ஒரு நோயாளியை வார்டில் நிறுத்துவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மருத்துவரால் சொல்ல முடியும்.