வேளாங்கண்ணி நடைபயணம்: ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் நடக்கலாம்?

நேத்து ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். கால் ரெண்டும் இன்னும் உப்புத்தண்ணி பக்கெட்டுக்குள்ளதான் இருக்கு, ஆனா மறந்துபோறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன், ஏன்னா அடுத்த வருஷம் மொத தடவயா நடக்கப்போற யாரும் நான் போட்ட கணக்க போட்றக்கூடாது.

என் கணக்கு இதுதான். பெசன்ட் நகர் மாதா கோயில்ல இருந்து ஈசிஆர் புடிச்சு பாண்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் வழியா வேளாங்கண்ணிக்கு சுமார் 300 கிலோமீட்டர். எனக்கு லீவு 8 நாள். 300ஐ 8ஆல வகுத்தா 37 சொச்சம், சரி ஒரு நாளைக்கு 38னு வெச்சுக்கலாம்னு பேப்பர்ல எழுதி மச்சான்கிட்டயும் காட்டினேன், அவரும் தலையாட்டிட்டாரு. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா நடந்து வரேன்னு வேண்டிக்கிட்டது, அதனால பாதில பஸ் ஏர்றதுங்குற பேச்சுக்கே எடமில்ல.

மொத நாளே அந்த பேப்பர் செத்துப்போச்சு. காலைல 6 மணிக்கு கெளம்பினோம், அதுவே பெரிய தப்பு. ஆகஸ்ட் கடைசில இந்தக் கரையோரம் 9 மணிக்கு மேல தார் ரோடு கொதிக்குது, வெயில் மேலருந்து மட்டும் இல்ல, கீழருந்தும் வருது. முட்டுக்காடு பாலம் ஏறும்போது மணி 12. இருந்தாலும் 38ஐ விடக்கூடாதுன்னு கோவளம் தாண்டியும் இழுத்துக்கிட்டே போனேன், ராத்திரி 9 மணிக்கு 38 முடிஞ்ச எடத்துல தங்க ஒண்ணுமே இல்ல, ஒரு பக்கம் சவுக்குத்தோப்பு, ஒரு பக்கம் காம்பவுண்டு சுவரு. மூடியிருந்த ஒரு டீக்கடை வாசல்ல துண்ட விரிச்சு படுத்தோம். காலைல பாத்தா வலது குதிகால்ல அஞ்சு ரூபா காசு அளவுக்கு கொப்புளம்.

மாமல்லபுரத்துல ஒரு முதலுதவி பந்தல் போட்டிருந்தாங்க. ஊசியால குத்தி தண்ணிய எடுத்துடலாமான்னு கேட்டேன், அந்த நர்ஸ் அக்கா சத்தமே போட்டுட்டாங்க, குத்தினா சீழ் புடிக்கும், தோல் கிழியாம பஞ்சு வெச்சு கட்டு, இன்னைக்கு இதோட நிறுத்துன்னு. அன்னைக்கு மொத்தம் 20 கிலோமீட்டர்கூட நடக்கல.

அந்தப் பந்தல்லதான் ஒரு பெரியவரோட பழக்கமாச்சு. விழுப்புரம் பக்கத்துக்காரரு, இருவது வருஷத்துக்கு மேல நடக்குறாராம். என் பேப்பர வாங்கிப் பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, கிலோமீட்டர எண்ணாதீங்க, நெழல் இருக்குற மணிய எண்ணுங்க." அப்புறம் அவரே வெரல் விட்டு கணக்கு சொன்னாரு. விடியக்காலம் 3 மணிக்கு கெளம்பி 9 மணிக்கு உக்காந்துடணும். மணிக்கு 4 கிலோமீட்டர், நடுவுல டீ, ஜெபமாலைன்னு நிக்கிறது போக 20, 22 வரும். சாயங்காலம் 4 மணிக்கு மேல ரெண்டரை மணி நேரம், ஆனா அப்ப கால் ஓய்ஞ்சிருக்கும், மணிக்கு 3தான் போகும், ஏழு எட்டு வரும். ஆக எல்லாம் நல்லா இருக்குற நாள்ல 30. அதுவும் மொத ரெண்டு நாள் 20, 25 போதும், நாலாவது நாளுக்கு மேல கால் தானா கேக்கும்னாரு. படுக்குற எடத்த மொதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்தமாதிரி தூரத்த வெட்டணுமாம், தூரத்த முடிவு பண்ணிட்டு எடம் தேடக்கூடாதாம். நான் செஞ்சது அப்படியே தலைகீழ்.

ஆபீஸுக்கு போன் போட்டு மேல 3 நாள் கேட்டேன், சம்பளத்துல புடிச்சுக்குவோம்னுட்டாங்க. வலிச்சுது, ஆனா வேற வழியில்ல. மாமல்லபுரத்துல இருந்து பாண்டிக்கு 95 கிலோமீட்டர் இருக்கும், அத கூவத்தூர், மரக்காணம், பாண்டின்னு மூணு நாளா உடைச்சோம், பெரியவர் சொன்ன 30ஐ விட கொஞ்சம் கூடதான். மரக்காணத்த விட்டு 3 மணிக்கு கெளம்பினப்போ ரோட்டோரம் உப்பளம், நெலா வெளிச்சத்துல பாத்தி பாத்தியா தண்ணி மின்னுது, கரைல உப்ப குவிச்சு ஓலை போட்டு மூடி வெச்சிருக்காங்க, அந்த நேரத்துலயே ஒரு அம்மா டார்ச்ச வாய்ல கடிச்சுக்கிட்டு பலகையால உப்ப வழிச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்க கூட்டத்தோட வந்த மாதா சப்பரத்துல லைட்ட பாத்ததும் பலகைய கீழ வெச்சுட்டு கும்பிட்டாங்க. எங்க கூட்டத்துல பாட்டு தானா நின்னுபோச்சு.

பாண்டில ஒரு லாட்ஜ்காரன் ஃபேன் ரூமுக்கு 1,800 ரூபா கேட்டான். காவித்துணியோட நிக்கிறவங்ககிட்ட கொஞ்சம்கூட கூச்சமில்லாம கேட்டான், ஏன்னு கேட்டா திருவிழா ரேட்டாம். நான் ஒரு நாளைக்கு ஒதுக்கி வெச்சதே 300. வெளிய வந்து ஒரு கோயில் மண்டபத்துல படுத்தோம், விடிய விடிய கொசு, ஆனா காசு மிச்சம். மத்த ஊர்லயெல்லாம் சாப்பாட்டுக்கு செலவே இல்லைன்னு சொல்லலாம், வழி நெடுக அன்னதானப் பந்தல், லெமன் சாதம், தக்காளி சாதம், மோரு. தண்ணிக்குதான் காசு போகுது, கடலோரம் நெறைய எடத்துல போர் தண்ணி உப்புக் கரிக்குது, வாட்டர் பாட்டில வாங்கித்தான் ஆகணும்.

கடலூர் தாண்டினதும் நாலுவழிச் சாலைல மாட்டிக்காதீங்க. அகலமா அழகா இருக்கு, ஆனா நடக்குறவனுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, மரம் இல்ல, டீக்கடை இல்ல, பின்னாடி லாரி வர்ற வேகத்துக்கு சப்பரமே ஆடுது. ஊருக்குள்ள போற பழைய ரோடு ரெண்டு கிலோமீட்டர் கூடவந்தாலும் அதுலயே போங்க. முதுகுல ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இல்லாம ராத்திரி நடக்கவே நடக்காதீங்க, இத நான் கெஞ்சி கேக்குறேன்.

புதுச்சத்திரத்துல படுத்துட்டு 3 மணிக்கு கெளம்பினா காலை டிபனுக்கு சிதம்பரம். அந்த டிபன பத்தி சொல்லியே ஆகணும். கீழவீதி பக்கம் ஒரு சின்ன மெஸ், எலைல நாலு இட்லி, மேல கத்திரிக்காய் கொத்சு. கத்திரிக்காய நல்லா கொழைய மசிச்சு, புளி தூக்கலா, கொத்தமல்லி வெதை வறுத்து அரைச்ச வாசம், ஓரத்துல நல்லெண்ணெய் மெதக்குது. ஏழு நாள் லெமன் சாதம் சாப்ட்ட நாக்கு அது. மச்சான் ஒண்ணும் பேசல, ஒம்போது இட்லி சாப்ட்டாரு. நான் அத விட ரெண்டு அதிகம். ரெண்டு பேருக்கும் சேத்து 180 ரூபா, அந்த லாட்ஜ்காரன் கேட்டதுல பத்துல ஒரு பங்கு!

அப்புறம் கொள்ளிடம், திருக்கடையூர், தரங்கம்பாடி எல்லாம் சுலபமா போச்சு, ஒரு நாள் 33 நடந்தோம், கால் கேட்டுச்சு. நாகூர்ல தர்கா போற தெருவுல ஒரு பாய் வீட்டு வாசல்ல டேபிள் போட்டு நன்னாரி சர்பத் குடுத்தாங்க, அந்த வீட்டுப் பாட்டி என் கால் கட்ட பாத்துட்டு "இன்னும் கொஞ்ச தூரந்தான் ராசா"ன்னாங்க. கடைசி நாள் வெறும் 18 கிலோமீட்டர்தான், வேணும்னேதான் சின்னதா வெச்சோம், களைச்சுப்போய் மாதா முன்னாடி நிக்கக்கூடாதுன்னு. கோபுரம் தெரிஞ்சப்போ மச்சான் செருப்ப கழட்டி கைல எடுத்துக்கிட்டாரு. மாதா குளத்துக்குப் போற மணல்பாதைல ஜனங்க முட்டி போட்டு போறாங்க, என்னால முடியல, ஓரமா நடந்தேன், அம்மாவுக்கு போன் போட்டு அந்த மணியோசைய கேக்க வெச்சேன்.

மொத்த செலவு எனக்கு 3,100, அதுல தண்ணி பாட்டிலுக்கும் மருந்துக்குமே பாதி. திரும்பும்போது நாகப்பட்டினம் போக ஒரு ஆட்டோக்காரர் 700 கேட்டாரு, வெறும் 12 கிலோமீட்டருக்கு. முந்தின பதினோரு நாளும் அத விட அதிகமா நடந்துட்டுதான் வந்தோம்னு மச்சான் பைய தோள்ல மாட்டிட்டாரு, நாந்தான் புடிச்சு இழுத்து டவுன் பஸ்ல ஏத்துனேன். அடுத்த வருஷம் செப்டம்பர் 8ஆம் தேதி திருவிழாவுக்கு ஆகஸ்ட் 26லயே கெளம்பறோம், 12 நாள், சிதம்பரத்துல மட்டும் ஒரு நாள் முழுசா.